வளவுக்குள் ரகசியம் உண்டா? யுத்தத்துக்கு முந்தைய நம் தெருக்கள் (விவாத இழை)

வளவுக்காரன்:

இரண்டாம் உலக யுத்தத்துக்கு, அதாவது 1939-க்கு முந்தைய நம் திருநெல்வேலி ஜில்லா உழைப்பாளர் தெருக்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "அந்தக் காலத்து மனிதர்களிடம் ஒளிவுமறைவே கிடையாது" என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்கு இது எரிச்சலூட்டும் பேச்சு. ஒளிக்க அவர்களிடம் ஏராளம் இருந்தது. ஒளிக்க இடம்தான் இல்லை.

வெளியூர் நண்பர்களுக்காக எங்கள் வளவின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். தெருவில் ஒரே வாசல். உள்ளே நீளமாக ஒரு நடை, இருபுறமும் எதிரெதிராக வீடுகள், கடைசியில் கிணறும் துவைகல்லும். ஒவ்வொரு வீட்டுக்கும் தார்சா (முன்கட்டு), பட்டாசல் (கூடம்), அடுப்படி. நடுச்சுவர் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம் போய் நின்றுவிடும். அதற்கு மேலே ஓட்டுக் கூரை எல்லோருக்கும் பொது. ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால், நான்காவது வீட்டில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பே ஆகிவிடும். மீன் வாங்கினால் தெரியும். வாங்காவிட்டாலும் தெரியும்.

இந்த இடத்தில் என் அம்மாவின் ஆச்சி பாத்திரத்தை அடகு வைக்கப் போன விதத்தைக் கேளுங்கள். பித்தளைச் சருவத்தைப் பழைய சேலையில் சுற்றி, மேலே நாலு அழுக்குத் துணியைப் பரப்பி, இடுப்பில் வைத்துக்கொண்டு "ஆற்றுக்குப் போகிறேன்" என்று கிளம்புவாள். படித்துறைக்கு இறங்கும் முடுக்கில் திரும்பாமல் நேரே போனால் அடகுக்கடை. திண்ணையில் இருப்பவர்களுக்கு மூட்டையின் கனம் அவள் நடையிலேயே தெரியும். துணி மூட்டை இடுப்பில் அப்படி உட்காராது. ஆனாலும், "பார்த்துப் போய்விட்டு வாருங்கள் மதினி, ஆற்றில் தண்ணீர் அதிகமாகப் போகிறதாம்" என்றுதான் சொல்லி அனுப்புவார்கள்.

அந்தச் சருவத்தை மீட்க முடியவில்லை. ஏலத்துக்குப் போய்விட்டது. பின்னால் இரண்டு தெரு தள்ளி ஒரு கல்யாணப் பந்தியில், கழுத்தில் வெட்டிய எங்கள் குடும்பப் பெயரோடு, சோறு நிறைந்து வந்து நின்றதாம். பரிமாற வந்த எதிர்வீட்டு மாமா ஒரு வார்த்தை பேசாமல் பெயர் இருந்த பக்கத்தைச் சுவரோரமாகத் திருப்பி வைத்தாராம்.

தெருவுக்குத் தெரிந்ததைத் தெருவுக்கு வெளியே, அதாவது போலீசுக்கும் ஆலை மேஸ்திரிக்கும் வட்டிக்காரருக்கும் பெண் கேட்டு வருகிறவர்களுக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டதுதான் அவர்கள் காத்த ரகசியம் என்பது என் கட்சி. உங்கள் வீடுகளில் கேட்டதை எழுதுங்கள்.

ஆறுமணிச் சங்கு:

அண்ணாச்சி, எங்கள் வீட்டு ரகசியம் ஒரு பல் சம்பந்தப்பட்டது.

1922-இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டபோது, பன்னிரண்டு வயது ஆகாத பிள்ளைகளை ஆலையில் சேர்க்கக் கூடாது என்றானது. பதினைந்து வரைக்கும் குறைந்த நேர வேலைதான், கூலியும் அதற்கேற்பக் குறைவு. வயதுக்குச் சான்று டாக்டர் கொடுக்க வேண்டும். பிறப்பை யார் பதிந்தார்கள்? டாக்டர் பல்லையும் உயரத்தையும் பார்த்து ஒரு வயதைச் சொல்வார், அவ்வளவுதான்.

என் தாத்தா வேலை பார்த்த ஆலையின் பெயர் இங்கே வேண்டாம். அவருக்குப் பதிலாக எதிர்வீட்டு அண்ணன் டாக்டர் முன்னால் வாயைத் திறந்து காட்டிவிட்டு வந்தார். சான்றும் டோக்கனும் தாத்தாவின் பெயரில் வந்தன. மறுநாள் காலைச் சங்குக்கு உள்ளே போனது தாத்தா. தெருவில் பாதிப் பேர் அந்த ஆலையில்தான். ஒருவர்கூட மூச்சு விடவில்லை. அந்த அண்ணனுக்குக் கூலி? தீபாவளிக்கு ஒரு துண்டு என்று சொல்வார்கள்.

சிரிப்பு என்னவென்றால், காகிதத்தில் ஏறிய அந்த வயது இறங்கவே இல்லை. ஓய்வுபெறும் வயது வந்துவிட்டது என்று அவரை வீட்டுக்கு அனுப்பியபோது, ஜாதகப்படி அவருக்கு இன்னும் மூன்று வருஷம் பாக்கி. போய் முறையிடவும் முடியாது. என்னவென்று முறையிடுவது?

தறிக்குழி:

மேலப்பாளையத்திலிருந்து நான். எங்கள் வாப்பாவின் வாப்பா குழித்தறியில் கூலிக்கு நெய்தவர்.

நூல் முதலாளியுடையது. எடை போட்டுக் கொடுப்பார். துணியை எடை போட்டு வாங்கிக்கொள்வார். ஆனால் பாவுக்கு, அதாவது தறியில் நீளவாட்டில் ஓடும் நூலுக்கு, கஞ்சி போட்டாக வேண்டும், கஞ்சி ஏறினால் எடை கூடும். கஞ்சியைச் சற்றுக் கெட்டியாகக் காய்ச்சினால் அந்த எடைக்கு நூல் மிச்சம். மிச்சமான நூல் கழிகளை வைக்கத் தறிக்குழியைவிட நல்ல இடம் உண்டா? நெய்கிறவரின் கால் மிதியில் இருக்கிறது, கீழே குழி இருட்டு. முதலாளியின் கணக்குப்பிள்ளை வந்தாலும் நெய்கிறவரை எழுப்பிவிட்டுக் குழியில் இறங்கிப் பார்க்க மாட்டார்.

இது தெரு முழுக்கத் தெரிந்த விஷயம். ஏன் யாரும் காட்டிக்கொடுக்கவில்லை என்பதற்கு நல்ல மனசு, ஒற்றுமை என்றெல்லாம் காரணம் தேட வேண்டாம். பாவை விடியற்காலையில் தெருவின் நீளத்துக்கு விரித்துக் கஞ்சி தோய்த்துக் காயவைக்க வேண்டும். அதற்குப் பல கைகள் வேண்டும். எட்டு வீட்டு வாசல் வேண்டும். அடுத்த வீட்டுக்காரரோடு பகைத்தால் நாளைக்கு அவர் வாசலில் உங்கள் பாவு கிடக்க முடியாது. தொழில் நின்றுவிடும். வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு அதுதான் விலை.

யுத்தம் வந்து அந்த விலையை மாற்றியது. 1943-இல் துணி, நூல் கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது. நூல் கிடைக்காத காலம். கள்ளச் சந்தையில் ஒவ்வொரு கழியும் பவுன். அதுவரை அரிசிக்கும் உப்புக்கும் போன மிச்ச நூல் திடீரென்று வீட்டை மாற்றிக் கட்டும் அளவுக்கு ஆனதும், சிலர் மேலே போனார்கள், சிலர் வயிற்றெரிச்சலில் கிடந்தார்கள். எங்கள் தெருவில் முதல் முறையாகக் கையெழுத்து இல்லாத கடிதம் போனது அப்போதுதான் என்று வாப்பும்மா சொல்வார்கள். யார் எழுதியது என்பதும் தெருவுக்குத் தெரியும். எழுதத் தெரிந்தவர்கள் அந்தத் தெருவில் மிகக் குறைவு.

கொக்கிரகுளம்:

ஈட்டிக்காரரை மறந்துவிட்டீர்களே. வட்டி வசூலிக்கத் தடியோடு அவர் தெருமுனையில் தலைகாட்டினாலே, சின்னப் பிள்ளைகள்கூட "அப்பா கொழும்புக்குப் போய்விட்டார்" என்று ஒரே குரலில் சொல்லுமாம். பரணில் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்குத் தும்மல் வரக் கூடாது.

பொருநைமகள்:

படிக்கச் சுவையாகத்தான் இருக்கிறது. நூல், வயது, வட்டி. எல்லாம் ஆண்களின் ரகசியங்கள். மாட்டினால் வேலை போகும், அபராதம் விழும், அவ்வளவு.

வளவுக்காரன் அண்ணன் கிணற்றையும் துவைகல்லையும் ஒரு வரியில் கடந்துவிட்டார். ஒரு பெண் மாதவிலக்குக்கு ஒதுங்கியிருக்கும் மூன்று நாளும் வளவு முழுக்கத் தெரிந்த நாட்கள். ஒதுங்காமல் இருந்தாலும் அதே வளவு எண்ணிக்கொண்டிருக்கும். இளம் விதவை ஒருத்தி ஒரு மாதம் ஒதுங்கவில்லை என்றால் அவளுக்கு முன்னால் தெருவுக்குத் தெரிந்துவிடும். அப்போது இந்தத் தெரு என்ன செய்தது? திண்ணையில் உட்கார்ந்து "ஆற்றில் தண்ணீர் அதிகம்" என்று பரிவாகச் சொன்னதா?

எங்கள் பெரிய ஆச்சி மருத்துவச்சி. கூலி ஒரு மரக்கால் அரிசியும் வெற்றிலை பாக்கும். எந்தப் பிள்ளை யாருடையது, எது நாள் குறைந்து பிறந்தது, எது பிறக்கவே இல்லை என்று அத்தனையும் அவளுக்குத் தெரியும். அதனால் அவளை எல்லோரும் மரியாதையாக நடத்தினார்கள். அதே காரணத்தால் எந்தக் கல்யாண வீட்டிலும் முன்வரிசையில் உட்காரவைக்க மாட்டார்கள். அவளைப் பார்த்தாலே தங்கள் வீட்டுக் கதை நினைவுக்கு வரும் அல்லவா.

சில பெண்களை இரவோடு இரவாக வேறு ஊருக்கு அனுப்பினார்கள். சில குழந்தைகள் டோனாவூருக்குப் போயின. 1901-இலிருந்து அங்கே ஏமி கார்மைக்கேல் அம்மையார், கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த பெண் குழந்தைகளையும் நாதியற்ற குழந்தைகளையும் எடுத்து வளர்த்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். கொண்டுபோய்க் கொடுத்த கைகள் எந்தத் தெருக்காரர்களுடையவை என்பதை யாரும் சொல்வதில்லை. வேறு வழி கிடைக்காதவர்களுக்குக் கிணறு இருந்தது. மறுநாள் போலீஸ் வந்து கேட்டால், "கால் தவறி விழுந்துவிட்டாள் ஐயா" என்று வளவே ஒரே வார்த்தையில் சாட்சி சொல்லும். உங்கள் ஒற்றுமை அதுவும்தான்.

நடத்துநர்:

அனல் பறக்கிறது, பறக்கட்டும். சாதிப் பெயர்களும் அடையாளம் தெரியும்படியான தெருப் பெயர்களும் வேண்டாம். ஏற்கெனவே இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

ஏட்டுச்சுவடி:

போலீசிடம் வாய் திறக்காத பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். நம் ஜில்லாவுக்கு அதில் சொந்த அனுபவம் உண்டு.

1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சியும் சுப்பிரமணிய சிவாவும் பின்னால் நின்றார்கள். வெளியே தெரியாத பகுதி, ஊர் எப்படி அவர்களுக்குச் சோறு போட்டது என்பது. வெள்ளைக்காரர் பக்கம் பேசியவர்களுக்கு நாவிதர் சவரம் செய்ய மறுத்தார், சலவைக்காரர் துணி எடுக்க மறுத்தார். மார்ச் 12-இல் தலைவர்கள் கைது. 13-இல் திருநெல்வேலியில் கலகம், துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் மாண்டார்கள். பிறகு தண்டக் காவல்படையைக் கொண்டுவந்து நிறுத்தி, அதன் செலவையும் ஊர்க்காரர்களிடமே வரியாக வாங்கினார்கள். தன்னை அடித்தவனுக்குத் தானே கூலி கொடுத்த தெரு அது. 1911 ஜூன் 17-இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுட்டுக்கொல்லப்பட்டதும் வீடு வீடாகச் சோதனை. கதவைத் தட்டிப் பெயர் கேட்கிறவனிடம் பேசக் கூடாது என்று அந்தத் தலைமுறைக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

அதே 1911-இல் இன்னொரு காகிதம் வந்தது: குற்றப் பரம்பரைச் சட்டம். ஊரில் கைரேகைச் சட்டம் என்பார்கள். பிறப்பை வைத்தே பெயரைப் பதிந்து, ரேகை எடுத்து, பல இடங்களில் இரவில் காவல் நிலையத்துக்கு வந்து படுக்கவேண்டும் என்றும் வைத்தார்கள். எங்கள் தெருவில் ஒருவர் தினமும் விளக்கு வைத்த பிறகு பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்புவார். மகளுக்கு வரன் பார்க்க வந்தவர்கள் "அப்பா எங்கே?" என்று கேட்டபோது, அவர் மனைவி வாய் திறப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் முந்திக்கொண்டாராம்: "மில் கிட்டங்கியில் ராக்காவல். பொறுப்பான மனிதர், நம்பிச் சாவியைக் கொடுத்திருக்கிறார்கள்." கல்யாணம் நடந்தது. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-இல்தான் ஒழிந்தது. அதுவரை மாப்பிள்ளை வீட்டாருக்கு அவர் ராக்காவல்காரர்தான்.

பொருநைமகள் சொல்வதை மறுக்க எனக்கு வாய் இல்லை. ஆனால் அந்தத் தெரு இரண்டையும் செய்தது.

எல்லைச்சாவடி:

செங்கோட்டைப் பக்கம் கதை வேறு. 1956 வரை நாங்கள் திருவிதாங்கூர்ச் சீமை. புகையிலைக்கு அங்கே கடும் இறக்குமதி வரி. தென்காசியில் வாங்கினால் மலிவு. ஆகவே எங்கள் ஆச்சிமார் எல்லோரும் தென்காசிக்குப் போகும்போது மெலிந்தும் திரும்பும்போது பருத்தும் இருந்தார்கள். சாவடிக்காரருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அவர் வெற்றிலைக்கும் புகையிலை வேண்டுமே.

வளவுக்காரன்:

பொருநைமகள் தங்கச்சியின் பதிவைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கிணற்றைப் பற்றி அவர் எழுதியது உண்மை. எங்கள் வளவுக் கிணற்றிலும் ஒரு கதை உண்டு, அதை இங்கே எழுத மாட்டேன். ஆனால் தெரு பேசியிருந்தால் அந்தப் பெண் பிழைத்திருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. யாரிடம் பேசியிருக்கும்? பஞ்சாயத்திடமா, போலீசிடமா? அவளைத் தள்ளிய கை தெருவுடையது மட்டும் இல்லை.

தறிக்குழி சொன்ன கையெழுத்தில்லாக் கடிதத்துக்கு வருகிறேன், ஏனென்றால் விஷயம் அங்கேதான் இருக்கிறது. யுத்தத்துக்கு முன்னால் அரசாங்கத்துக்கு இந்தத் தெருக்களைப் பற்றித் தெரிந்தது சொற்பம். பத்து வருஷத்துக்கு ஒரு தடவை மக்கள்தொகைக் கணக்கு. 1941-இல் அதையும் யுத்தச் செலவைக் காட்டிச் சுருக்கிவிட்டார்கள். பிறகு 1942-இல் ரங்கூன் விழுந்தது. பர்மா அரிசியும் போயிற்று, மண்ணெண்ணெயும் போயிற்று. அடுத்து வந்தது அளவு அரிசி, அதாவது ரேஷன். ஒரு வீட்டில் எத்தனை தலை, யார் யாருக்கு என்ன உறவு என்று முதல் முறையாக ஒருவர் நோட்டும் பென்சிலுமாக வளவுக்குள் வந்து நின்றார். தலைக்கு இத்தனை படி என்றால் பொய் சொன்னாலும் லாபம், உண்மை சொன்னாலும் லாபம். "அத்தை மகள்" என்று தார்சாவில் பல வருஷம் இருந்தவளை என்னவென்று எழுதச் சொல்வது?

பட்டாளத்துக்குப் போனவர்கள் வீட்டுக்குச் சம்பளத்தில் பங்கு அனுப்பினார்கள் அல்லவா, அதுவும் அப்படித்தான். மணியார்டர் ஒருத்தி பெயருக்குத்தான் வரும். தபால்காரர் நடையில் நின்று பெயரைச் சத்தமாகப் படித்தால் முடிந்தது. எங்கள் வளவில் ஒரு மாதம் இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் கதவைத் திறந்தார்களாம்.

கொழும்புப் பேரன்:

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அண்ணாச்சி யுத்தத்திலிருந்து கணக்கு வைக்கிறீர்கள். எங்கள் தெருவுக்கு அது ஒரு மாதம் முந்தியே வந்துவிட்டது. யுத்தம் செப்டம்பர் 3. அதற்கு முன்பே 1939-இல் இலங்கை அரசு தன் துறைகளில் தினக்கூலிக்கு இருந்த இந்தியர்களை நீக்கத் தொடங்கியது. பதிலுக்கு ஆகஸ்ட் 1 முதல், பயிற்சி இல்லாத உடல் உழைப்புக்காக யாரும் இலங்கைக்குப் போகக் கூடாது என்று இந்திய அரசு தடை போட்டது. திரும்பி வந்தவர்களில் என் தாத்தாவும் ஒருவர். கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வரும்போது ஒரு தகரப் பெட்டியும் ஒரு குடையும் கொண்டுவந்தார். அங்கே ஒரு குடும்பத்தை விட்டுவிட்டு வந்தார்.

அதே துறைமுகத்தில் எங்கள் தெருக்காரர்கள் இன்னும் பலர் இருந்தார்கள். எனவே தெருவுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. தாத்தா இறக்கும்வரை யாரும் சொல்லவில்லை; அவர் இறந்த வீட்டில் அழும்போதுகூடச் சொல்லவில்லை.

1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாகச் சொன்னது. அந்தக் கூட்டத்தில் எழுபதுகளில் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தார். கையில் இருந்த காகிதத்தில் தகப்பன் பெயர், பூர்வீக ஊர் எல்லாம் எழுதியிருந்தது. அவர் அதை எடுத்துக் காட்டவே இல்லை. முதல் வீட்டுத் திண்ணையில் இருந்த பெரியம்மை முகத்தைப் பார்த்த மாத்திரத்தில், "இன்னார் மகன்தானே, உள்ளே நாலாவது வீடு" என்று சொல்லிவிட்டாள்.

பொருநைமகள்:

பார்த்தீர்களா! தெரு முழுக்கத் தெரியும், சம்பந்தப்பட்டவளுக்கு மட்டும் தெரியாது. உங்கள் ஆச்சிக்கு அன்று எப்படி இருந்திருக்கும்? முப்பது வருஷத்துக்கு மேல் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு ஒரு தெருவே வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. இதைப் போய் அரவணைப்பு என்கிறீர்கள்.

கொழும்புப் பேரன்:

அக்கா, ஆச்சிக்குத் தெரியாது என்று நான் எழுதவில்லையே.

தாத்தா திரும்பி வந்த வருஷத்திலிருந்து கொழும்புக்கு மணியார்டர் படிவம் நிரப்பியதே ஆச்சிதான். தாத்தாவுக்கு எழுதத் தெரியாது. அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். யாருக்குப் பணம் என்று அவர் சொன்னாரா, சொல்லாமலே அவள் எழுதினாளா என்பதெல்லாம் அவர்கள் இருவருக்கும் இடையில் இருந்தது. தெரு அவளிடமிருந்து மறைப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது. அவளும் அந்த மறைப்பைக் கெடுக்கவில்லை. கெடுத்திருந்தால் அடுத்த நாளிலிருந்து கிணற்றடியில் ஒவ்வொருத்தியும் பரிதாபப்பட்டிருப்பார்கள். அது அவளுக்கு ஆகாது.

அன்று வந்தவரை உட்காரச் சொல்லி, இலை போட்டு, குழம்பும் அவித்த முட்டையும் வைத்தாள். ராத்திரி தார்சாவில் பாய் விரித்துக் கொடுத்தாள். அடுத்த வாரம் அவர் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "சாப்பிட வா, எத்தனை நாள் வேண்டுமானாலும் வா. கார்டில் என் பெயருக்குக் கீழே எழுத மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அசையவில்லை.

பொருநைமகள்:

ஆச்சி பக்கம் நான். நூற்றுக்கு நூறு.

ஏட்டுச்சுவடி:

நான் வந்தவர் பக்கம். பிள்ளை என்ன செய்தான்? பிறகு அவருக்குக் கார்டு கிடைத்ததா தம்பி?

கொழும்புப் பேரன்:

கிடைத்தது. எங்கள் வளவிலேயே ஏழாவது வீடு காலியாக இருந்தது, அதை வாடகைக்கு எடுத்தார். தனிக் கார்டு, குடும்பத் தலைவர் அவரே. வீட்டுக்காரரிடம் முன்பணம் கொடுத்தது யார் என்று என் அப்பா கடைசிவரை சொல்லவில்லை. தெருவில் கேட்டால் தெரியும், நான் கேட்கவில்லை. மத்தியானச் சாப்பாடு மட்டும் ஆச்சி இருந்தவரை நாலாவது வீட்டில்தான்.